கோப்பின் மூலையில் எழுதிய கட்-ஆஃப்

எங்கள் பட்டுப்புடவைக் கடையில் ஒவ்வொரு புடவைக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று, அதில் தொங்கும் அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும். இன்னொன்று அதே அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும், இரண்டு மூன்று தமிழ் எழுத்துகளாக. அது அடக்க விலை. ‘காமாட்சி அம்மன் துணை’ என்பதில் பத்து எழுத்து இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். கா என்றால் ஒன்று, மா என்றால் இரண்டு, இப்படியே போனால் து ஒன்பது, கடைசி ணை பூஜ்யம். விற்பனையாளர் மூலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதுவரை இறங்கலாம் என்று தெரிந்துகொள்வார். வாடிக்கையாளர் அந்த அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேரம் பேசுவார். ஊரில் பல கடைகளில் இப்படித்தான், வாசகம்தான் கடைக்குக் கடை மாறும். இதை நான் தப்பென்று நினைத்ததில்லை. இப்போதும் நினைக்கவில்லை. புடவைக்கு அது சரி.

கடையை அண்ணன் பார்த்துக்கொள்கிறான். நான் எம்.பி.ஏ. படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் போகும் வழியில் இருக்கிற ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரியில் மாணவர் சேர்க்கைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது நானில்லை. ஆனால் அந்த முடிவை வெளியுலகத்துக்கு எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது என் வேலை. அதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் ரசித்துக்கொண்டும் இருந்தேன்.

எம்.பி.ஏ. சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் மதிப்பெண்ணைப் பர்சென்டைல் என்று கொடுப்பார்கள். எண்பத்தாறு என்றால் எழுதிய நூறு பேரில் எண்பத்தாறு பேரை முந்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எங்கள் இணையதளத்தில் ‘குறைந்தபட்சத் தகுதி எழுபத்தைந்து பர்சென்டைல்’ என்று போட்டிருந்தோம். பொய்யில்லை. எழுபத்தைந்து இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிடுகிற கோடு வேறு. பொறியியல் படித்தவர்களுக்குத் தொண்ணூற்று நான்கு, மற்றவர்களுக்குத் தொண்ணூற்று ஒன்று. மூன்று வருஷமாக அந்தக் கோடு ஓர் அங்குலம் நகரவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது.

“கதவை ஏன்பா நாமளே சாத்தணும்? வர்றவங்க வரட்டும்” என்பார் இயக்குநர். வந்தால் விண்ணப்பங்களின் எண்ணிக்கை ஏறும், எண்ணிக்கை ஏறினால் விளம்பரத்தில் போடலாம். ‘குறைந்தபட்சத் தகுதி’ என்ற சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். முதலில் ‘கட்-ஆஃப்’ என்றே இருந்தது. நாளைக்கு யாராவது வந்து சண்டை போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று மாற்றச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், சோற்றை நன்றாகக் குவித்தால்.

கடையில் முப்பது வருஷமாக இருக்கும் விற்பனையாளர் ஒருவர் உண்டு. வெள்ளை விரித்த மெத்தையில் உட்கார்ந்து அவர் ஒரு புடவையை உதறிப் பிரித்தால், வாங்க வராதவரும் நின்று பார்ப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய ஒரே பெண் ஊரிலேயே பி.காம். முடித்தாள். தீபாவளி, ஆடி சீசன்களில் கடைக்கு வந்து அட்டை கட்டிக் கொடுப்பாள். என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள்.

அவளும் அந்த நுழைவுத் தேர்வை எழுதியிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போயிருந்தபோது அப்பாவும் பெண்ணும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தம்பி, பொண்ணுக்கு எண்பத்தாறு வந்திருக்குது. உங்க காலேஜுல எழுபத்தஞ்சு போதும்னு போட்டிருக்குதாமே?”

“வெப்சைட்ல பார்த்தேன் அங்கிள்” என்றாள் அவள். “சென்னையில ஒரு காலேஜுல சீட் கிடைச்சிருக்குது. நல்ல காலேஜ்தான். ஆனா ஹாஸ்டல்ல இருக்கணும். உங்க காலேஜ்னா வீட்லருந்தே பஸ்ல போயி வரலாம். எனக்கு அங்க சான்ஸ் இருக்குதா? இல்லன்னா சென்னையை கன்ஃபர்ம் பண்ணிடுவேன்.”

நேர்மையான கேள்வி. ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். எனக்கு அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அலுவலக ரகசியத்தை வெளியே சொன்னால் வேலைக்கு ஆபத்து என்பது பாதிக் காரணம்தான். கடையில் அத்தனை பேர் முன்னால், என் கல்லூரியில் உனக்கு இடம் கிடைக்காது என்று சொல்ல மனசு வரவில்லை. நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். நல்லவன் மாதிரி இருப்பது எனக்கு எப்போதுமே சுலபமாக வரும்.

“மினிமம் எழுபத்தஞ்சும்மா. நீ அதுக்கு மேலதானே இருக்குற. அப்ளை பண்ணு.”

“அப்போ சென்னையை விட்டுடலாமா?”

“அதை நான் சொல்லக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில் எதுவுமே இல்லை. சங்கடத்தை மூடுகிற சிரிப்பு. ஆனால் அவர் முப்பது வருஷம் முகம் பார்த்து வியாபாரம் செய்தவர். “தம்பி சிரிச்சுட்டாரு இல்ல, அவ்ளோதான்” என்று பெண்ணின் முதுகில் தட்டினார். நான் மறுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் நேர்காணலுக்கு முன்னால் சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒரு சனிக்கிழமை வைப்போம். விண்ணப்பித்த எல்லோரையும் வரவழைத்து, வளாகத்தைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்புவோம். கூட்டம் நிறைந்த புகைப்படம் வேண்டும், அதற்குத்தான். அன்றைக்கு ஆளுக்கொரு கோப்பைக் கையில் கொடுத்துவிடுவோம். மாணவர்களே அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கவுன்ட்டராகப் போய் முத்திரை வாங்கி, கடைசியில் என் மேஜையில் வைக்க வேண்டும்.

என் உதவியாளர்கள் இரண்டு பேருக்கும் எந்தக் கோப்புக்கு எந்தக் கோடு என்று தெரிய வேண்டியிருந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசி, ஆர்வத்தை ஏற்றி அனுப்புவது வழக்கம். எண்ணாக எழுதினால் எல்லோரும் படித்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். கோப்பின் வலது மூலையில் பென்சிலால் கடையின் குறியை எழுதினேன். பொறியியலுக்கு துசி. மற்றவர்களுக்கு துகா. உதவியாளர்களுக்குப் பத்து எழுத்தையும் சொல்லிக் கொடுத்தேன். “சூப்பர் சார்” என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஒரு பட்டியல் போட்டு மேஜைக்குள் வைத்திருப்பான். படிப்பவன் கண்ணுக்கு நேராகவே எழுதித் தொங்கவிட்டாலும் படிக்கத் தெரியாது என்கிற திமிர் புடவைக் கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரும்.

அவள் பதினோரு மணிவாக்கில் என் மேஜைக்கு வந்தாள். பின்னால் வரிசையில் யாருடைய அம்மாவோ நின்றுகொண்டிருந்தார். அதனாலோ என்னவோ அங்கிள் என்று கூப்பிடவில்லை.

“சார்” என்றாள் மெதுவாக. கோப்பின் மூலையில் விரலை வைத்திருந்தாள். “இந்த துகா, தொண்ணூத்தி ஒண்ணா?”

நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கட்டியவள் அவள். இந்தக் குறியை அவள் படிப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பற்றி நான் யோசித்திருந்தால்தானே தோன்றும்.

“இல்லம்மா. கோப்பு எந்த ரேக்குல போகணும்னு ஒரு அடையாளம்.”

“நம்ம கடை அட்டையில போடுற மாதிரியே இருக்குதே சார்.”

“அது வேற, இது வேற.”

அவள் மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தொண்ணூத்தி ஒண்ணுன்னா எனக்கு இங்க கிடைக்காது இல்ல? சென்னையில இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். அதான் கேட்டேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ அடுத்த கவுன்ட்டர் போ.”

“சரி சார்” என்று கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கு முன்னால் நான் செய்தவற்றுக்கெல்லாம் ஒரு சமாதானம் சொல்லலாம். விதி, அலுவலக வழக்கம், சொல்லக் கூடாத விஷயம், எல்லாம் சொல்லலாம். இது அப்படியில்லை. உண்மையை அவளே கண்டுபிடித்து, கையில் பிடித்துக்கொண்டு, சரியா என்று மட்டும் கேட்டாள். நான் அதைப் பிடுங்கிப் போட்டேன். பயத்தில் செய்தேன். கட்-ஆஃப் வெளியே தெரிந்துவிட்டது, அதுவும் என்னுடைய அதிபுத்திசாலித்தனத்தால் தெரிந்துவிட்டது என்றால் இயக்குநர் என்ன சொல்வார் என்பதுதான் அப்போது என் மண்டையில் ஓடியது.

ஆறு மணி நேரம் இருந்தது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு நொடியில் வாய் தவறிவிட்டது என்றால் ஆறு மணி நேரம் திருத்திக்கொள்ளலாம். ஒரு மணிக்கு அவள் வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு நாலு ஆள் முன்னால்தான் நின்றாள். மூன்று மணிக்கு நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி வெளியே வந்தேன். வராந்தாவில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். “கூட்டம் பிரமாதம்பா” என்று தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். நானும் போனேன். நாலே முக்காலுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகாலுக்குப் பார்த்தபோது, வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இனிச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற நிம்மதி.

இரண்டு வாரத்தில் நேர்காணல் பட்டியல் வந்தது. அவள் அதில் இல்லை. கடையில் அவளுடைய அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானே வலியப் போய், “இந்த வருஷம் போட்டி ஜாஸ்திண்ணே. கட்-ஆஃப் ஏறிடுச்சு” என்றேன். கோடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. “நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, அது தலையெழுத்து” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பாக ஆரம்பித்து, பிறகு அது தூக்கத்திலும் சாப்பாட்டிலும் புகுந்துகொண்டது. மனைவி ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னாள். அவளிடமும் நான் காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், அந்தப் பெண் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். கம்பெனி பஸ் ஏறும் இடத்துக்கு மறுநாளே போனேன்.

என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள். சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

“அன்னிக்கு நீ படிச்சது சரிம்மா. அது தொண்ணூத்தி ஒண்ணுதான். நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும் சார்.”

“எப்போ தெரியும்?”

“அப்பவே தெரியும். மூணாவது கவுன்ட்டர்ல இன்ஜினியரிங் பையன் ஃபைல் பார்த்தேன், துசின்னு இருந்துச்சு. பக்கத்துல பி.எஸ்சி. பொண்ணுக்கு துகா. ரேக்கா இருந்தா எல்லாம் ரெண்டே ரேக்கா இருக்கும்?”

தெரிந்தும் ஏன் சென்னை இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, பாரத்தில் கொஞ்சத்தை அவள் பக்கம் தள்ளிவிட முடியுமா என்றுதான் பார்த்தேன் போலிருக்கிறது.

“ஒரு மணிக்கு அப்பாவுக்கு போன் பண்ணேன் சார். இப்படி எழுதியிருக்குதுப்பா, நான் சென்னையிலயே சேர்ந்துக்கறேன்னு சொன்னேன். தம்பியைக் கேட்டியான்னாரு. கேட்டேன், இல்லன்னாருன்னேன். அவரே இல்லன்ன அப்புறம் நீ அங்க போயி பணம் கட்டினா, அவரை நம்பலைன்னு ஆயிடும்மா, அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்னாரு. கார்டு அப்பாவோடது. ஓடிபி அவரு போனுக்குத்தான் வரும். நாலு மணி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தேன். அவரு சொல்லல.”

அவள் என்னை நம்பி ஏமாந்தாள் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நிமிஷம்கூட என்னை நம்பவில்லை. நம்பியவர் அவர்.

“நான் அப்பாகிட்ட வந்து சொல்லிடறேம்மா. இன்னிக்கே சொல்லிடறேன்.”

“வேணாம் சார்.” முதல்முறையாகக் குரல் கொஞ்சம் கடுமையாக வந்தது. “உங்களுக்குச் சொல்லிட்டா மனசு லேசாயிடும். அவரு என்ன பண்ணுவாரு? பொண்ணு சீட்டை நானே கெடுத்துட்டேனேன்னு உக்காந்துடுவாரு. மறுநாள் உங்க கடைக்கும் வர மாட்டாரு. இந்த வயசுல வேற எந்தக் கடையில போயி நிப்பாரு?”

பஸ் வந்துவிட்டது. மறுபடி பரீட்சை எழுதுவாயா என்று கேட்டேன். “பார்க்கலாம் சார்” என்று ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைப் பிராயச்சித்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தேன், அவ்வளவுதான். அடுத்த சேர்க்கைக்கு முன்னால் இயக்குநரிடம் போய், சென்ற வருஷம் நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்களில் மிகக் குறைந்த பர்சென்டைல் எது என்று பிரிவு பிரிவாக இணையதளத்தில் போட வேண்டும் என்றேன். விண்ணப்பம் பாதியாகக் குறையும் என்றார். குறையட்டும் என்றேன். ஒரு மாதம் இழுத்தார். நான் விடவில்லை. கடைசியில், போடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். போட்டார்கள். விண்ணப்பம் குறைந்தது. ஆனால் இடங்கள் ஒன்றுவிடாமல் நிரம்பின. வேலையும் போகவில்லை. நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை. இவ்வளவு சுலபமான காரியத்தை ஒரு வருஷம் முன்னால் செய்திருக்கலாம் என்ற எண்ணம்தான் அன்றிலிருந்து கூடவே இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்துக் கை தட்டினார்கள். மறைக்காமல் உண்மையைச் சொல்கிற கல்லூரி என்று ஒருவர் எழுதி, என் படத்தையும் சேர்த்து வாட்ஸப்பில் அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. அண்ணன் அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான்.

அந்த வாரம் முகூர்த்தக் கூட்டம். நான் கடைக்குள் நுழைந்ததும், மெத்தையில் உட்கார்ந்திருந்த அவர் பிரித்த புடவையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தேன் தம்பி, போன்ல வந்துச்சு. எங்களுக்கெல்லாம் எவ்ளோ பெருமையா இருக்குது தெரியுமா” என்றார். நான் ஏதோ முனகினேன். அவர் கையை விடவில்லை. கொஞ்சம் ஓரமாக அழைத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கினு இருக்கேன் தம்பி. போன வருஷம் எங்க பொண்ணு உங்களை நிக்க வச்சு என்னமோ கேள்வி கேட்டுச்சாமே. நம்பாம எனக்கு போன் வேற பண்ணுச்சு. நான் நல்லா திட்டிவுட்டேன். அன்னிலருந்து அது என்கிட்ட சரியா பேசறதில்ல. உங்களைப் போயி சந்தேகப்பட்டுச்சேன்னு எனக்கு உறுத்திக்கினே இருக்குது. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

வாசலில் இரண்டு குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேண்ணே” என்றேன்.

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடப் போனார்.